அத்தாட்சி அண்ணையும் வெள்ளம் ஏறிய சுவரும்

லண்டனில் நான் குப்பை கொட்டிய ஒன்பது வருஷத்தில் சந்தேகப் பிராணிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தேம்ஸ் நதி கிழக்கு நோக்கி ஓடுகிறது என்று புத்தகத்தில் படித்துவிட்டு, அதை நம்பாமல் ஆற்றங்கரைக்குப் போய், காய்ந்த இலை ஒன்றைத் தண்ணீரில் போட்டு, சட்டைப்பையிலிருந்து திசைகாட்டியை எடுத்துப் பார்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். பார்த்துவிட்டுச் சொன்னார்: "இஞ்ச வடக்க போகுது. புத்தகம் எழுதினவர் வந்து பாக்கேல்லை." எரிச்சல் என்னவென்றால், கிங்ஸ்டன் என்கிற அந்த ஊரில் ஆறு வளைந்து நிஜமாகவே வடக்கே பார்த்துத்தான் போகிறது.

அவர்தான் அத்தாட்சி அண்ணை. நாம் ஆதாரம், சான்று என்றெல்லாம் சொல்வதை யாழ்ப்பாணத்துக்காரர்கள் அத்தாட்சி என்பார்கள். "அத்தாட்சி இருக்கோ?" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது கேட்டுவிட்டுத்தான் படுப்பார். அப்பா அம்மா வைத்த அழகான பெயர் ஒன்றும் அவருக்கு உண்டு. அதை இங்கே எழுதினால், "என்ரை பேரைப் போட ஆர் அனுமதி தந்தது?" என்று ஆசிரியருக்குப் பதிவுத் தபால் வந்து சேரும். எனவே வேண்டாம்.

கிங்ஸ்டனில் நாலு அறையும் ஒரு பொதுச் சமையலறையும் உள்ள வீட்டில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. நான் திருச்சிக்காரன். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. பெட்டியோடு மழையில் போய்க் கதவைத் தட்டினேன். சங்கிலியைக் கழற்றாமல் நாலு விரற்கடை திறந்தது கதவு. உள்ளே ஒரு கண் தெரிந்தது.

"ஆர்?"

"புதுசா குடி வர்றவங்க. ஓனர் சொல்லியிருப்பாரே?"

"சொன்னவர். நீர்தான் அந்த ஆள் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

பாஸ்போர்ட்டை இடுக்கு வழியாகக் கொடுத்தேன். கண் படத்தைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

"இதில மீசை இருக்கு."

"எடுத்துட்டேண்ணே."

"ஏன் எடுத்தனீர்?"

மழையில் நின்றபடி என் மீசையின் வரலாற்றை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் சங்கிலி கழன்றது. உள்ளே போனதும் அவரே துவாலை கொடுத்தார், இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணீர் கொடுத்தார். ஆனால் அந்த மீசை விவகாரத்தை அவர் கடைசி வரைக்கும் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பகலில் பெட்ரோல் ஷெட்டில் அவருக்கு வேலை. அங்கேயும் இதே கூத்துதான். வானிலை அறிக்கை மழை என்றால் வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்ப்பார். மிச்சம் என்கிற பக்கத்து ஊரில் ஒரு தமிழ்க் கடையில் "யாழ்ப்பாணத்து முருங்கைக்காய்" என்று எழுதிப் போட்டிருந்தார்கள். வந்த பெட்டியைக் காட்டச் சொன்னார். பெட்டியில் வேறு ஏதோ ஊர். அன்று முதல் அவர் தலை தெரிந்தால் கடைக்காரர் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்.

இப்படிப்பட்டவரைக் கொண்டுபோய்க் கிங்ஸ்டன் மாதிரி ஊரில் விட்டால் என்ன ஆகும்? அது திரும்புகிற பக்கமெல்லாம் சரித்திரம் பேசுகிற ஊர். ஒரு ஓடையின் மேல் பல நூறு வருஷத்துப் பாலம் நிற்கும். ஒரு பெரிய கடையின் அடித்தளத்தில் அதைவிடப் பழைய பாலத்தின் கல் கிடக்கும். கவுன்சில் கட்டடத்துக்குப் பக்கத்தில், கம்பி வேலிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பாறாங்கல் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏழு மன்னர்கள் அதில் உட்கார்ந்து முடிசூடினார்களாம். அடிப்பீடத்தில் ஏழு பேர் பெயரும் செதுக்கியிருக்கும். இதெல்லாம் போதாதென்று ஒரு தெருவில் பன்னிரண்டு சிவப்பு டெலிபோன் கூண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து விழுந்தது போல நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கலைப்படைப்பு. ஊருக்கு வந்த புதிதில் அண்ணை கவுன்சிலுக்கு மூன்று தடவை போன் செய்து, "டெலிபோன் பெட்டி எல்லாம் விழுந்து கிடக்கு, ஒருத்தரும் வந்து பாக்கேல்லை" என்று புகார் கொடுத்திருக்கிறார். கலை என்று விளக்கினார்கள். "விழுத்திப்போட்டுக் கலை எண்டு சமாளிக்கினம் ஐசே" என்பதுதான் அவர் தீர்ப்பு. (ஐசே என்றால் நம்ம ஊர் 'ஏம்ப்பா' மாதிரி.)

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அந்தக் கல்லின் முன்னால் ஒரு இலவச நடை தொடங்கும். ஊர்ச் சரித்திரத்தில் ஆர்வம் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் ஒவ்வொரு இடமாகக் காட்டிச் சொல்வார். வெயிலோ மழையோ, ஊதா நிறக் கம்பளித் தொப்பி ஒன்று தலையில் இருக்கும். எங்கள் வீட்டில் அவருக்கு "தொப்பி மிஸிஸ்" என்று பெயர். அண்ணை தவறாமல் போவார். மொழிபெயர்க்க வேண்டும் என்று என்னையும் இழுத்துப் போவார். அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். தொப்பி மிஸிஸ் உணர்ச்சியோடு ஏழு மன்னர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கை உயர்ந்தது.

"மேடம், ஏழு பேரும் இந்தக் கல்லில இருந்ததுக்கு அத்தாட்சி?"

அந்தம்மா கொஞ்சம் தடுமாறி, இந்த ஊரில் முடிசூடியதாகச் சிலருக்குத்தான் பழைய ஏடுகளில் குறிப்பு இருக்கிறது, மற்றது வழிவழியாகச் சொல்லப்படுவது, இந்தக் கல்லேதானா என்பதும் அப்படித்தான் என்றார். அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"வழிவழியா எண்டா, ஆர் சொன்னதெண்டு தெரியாது எண்டுதானே ஐசே?"

"மெதுவா பேசுங்கண்ணே."

"நான் தமிழிலதானே கதைக்கிறன்."

இப்படியே ஒவ்வொரு ஞாயிறும் நடந்தது. கூட்டத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர்கள் அண்ணையைக் கண்டாலே பெருமூச்சு விடுவார்கள். தொப்பி மிஸிஸ் மட்டும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அவர் கேள்வியைக் குறித்துக்கொள்வார். அடுத்த வாரம் தேடிப் பார்த்துப் பதில் சொல்வார். பல நாள் அந்தப் பதில், "நான் சொன்னது தவறு" என்று முடியும்.

எனக்குத்தான் மானம் போயிற்று. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டே விட்டேன். "ஏண்ணே, அந்தம்மா பாவம், வயசானவங்க, காசு வாங்காம சொல்லிக் குடுக்கறாங்க. நம்பினா என்ன குறைஞ்சு போயிடும்?"

அவர் கத்தியை வைத்துவிட்டு மாடிக்குப் போனார். ஒரு பிஸ்கட் டின்னோடு இறங்கி வந்தார். அதற்குள் ஒரு கடிதம் இருந்தது. மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தது. அகதியாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி அவர் போட்ட விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம்.

ஊரில் அவர் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். சங்கிலி பிடித்து, மட்டம் பார்த்து, தன் ஊர்க் கடற்கரையையே அங்குலம் அங்குலமாக அளந்தவர். சண்டையில் ஊர் அழிந்தது, வீடு எரிந்தது. அவரைப் பிடித்து அடைத்து வைத்தார்கள். வெளியே வந்ததும் இங்கே ஓடி வந்தார். இதை எல்லாம் சொன்னார். விசாரித்த அதிகாரி ஒரு வரைபடத்தை விரித்து, நீ சொல்கிற இடத்தில் ஊரே இல்லையே என்றாராம். ஒரு தேதியை அவர்கள் வைத்த மொழிபெயர்ப்பாளர் ஒரு நாள் தள்ளிச் சொல்லிவிட்டார். அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு, சொன்னது எல்லாமே நம்பத்தகுந்ததாக இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

"நான் அளந்த ஊர் ஐசே. அதை என்னட்டையே இல்லை எண்டு சொன்னாங்கள். அத்தாட்சி கேட்டாங்கள். எரிஞ்ச வீட்டிலயிருந்து எந்த அத்தாட்சியைக் கொண்டு வாறது?"

மேல்முறையீடு போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார். அது ஜெயித்தால்தான் வவுனியாவில் தங்கை வீட்டில் இருக்கும் மனைவியைக் கூப்பிட முடியும். தோற்றால் இவரே கிளம்ப வேண்டியதுதான். அவர் மனைவியைப் பார்த்து அப்போதே ஏழு வருஷம் ஆகியிருந்தது.

"என்னை அப்பிடிக் கேட்டாங்கள். நான் இவையளைக் கேட்டா என்ன?" என்று சொல்லிவிட்டு மறுபடி வெங்காயத்தை எடுத்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். அதையும் நம்பவில்லை.

அதன் பிறகு நான் அவரை எதற்கும் தடுத்ததில்லை. தடுத்திருந்தால் வெள்ளக்கோடு விவகாரம் நடந்திருக்காது.

ஆற்றுக்கும் சந்தைத் திடலுக்கும் நடுவில் ஒரு சந்தில் பழைய மதுக்கடை ஒன்று உண்டு. அதன் சுவரில் ஒரு பித்தளைத் தகடு: "வெள்ளம் இந்த உயரம் வரை வந்தது." தொப்பி மிஸிஸ் அதன் கீழே நின்று, "பாருங்கள், என் தொப்பிக்கு மேலே தண்ணீர்!" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். எல்லோரும் ஆஹா என்பார்கள். அப்புறம் சந்தைத் திடலுக்குக் கூட்டிப் போய், அதே வெள்ளத்தின்போது ஊர் ஜனம் இந்தத் திடலில் கால் நனையாமல் நின்றதாக ஒரு பழைய கடிதத்தில் இருக்கிறது என்பார். இரண்டையும் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணைக்கு ஒரு நாள் மூக்கு வியர்த்தது.

"ஐசே, தகடு சரியெண்டா கடிதம் பொய். கடிதம் சரியெண்டா தகடு பொய். ரெண்டும் ஒண்டாச் சரிவராது."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"கண் சொல்லுது. ஆனா கண் அத்தாட்சி இல்லை. அளக்க வேணும்."

மிச்சம் ஊரில் கட்டட வேலை செய்யும் தெரிந்தவரிடம் போய், கொத்தனார்கள் தண்ணீர் மட்டம் பார்க்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ட்யூப் அறுபது மீட்டர் கடன் வாங்கி வந்தார். ட்யூபில் தண்ணீரை நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஊரில் அரைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. நடுவில் காற்றுக் குமிழ் இருந்தால் மட்டும் மட்டம் பொய் சொல்லும் என்று, குமிழை விரலால் சுண்டிச் சுண்டி அரை மணி நேரம் விரட்டினார். தண்ணீர் மட்டம் தூரத்திலிருந்தும் தெரிய வேண்டுமே! சமையலறையில் இருந்த மஞ்சள் தூளை எடுத்துக் கரைத்துவிட்டார்.

ஞாயிறு காலை, நடை தொடங்குவதற்கு முன்பாகவே போனோம். அவர் சந்தில் நின்று, தகட்டின் உயரத்துக்கு ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ட்யூப் மூலை திரும்பி, தெருவைக் கடந்து, சந்தைத் திடலின் விளக்குக் கம்பம் வரை வந்தது. அங்கே மறுமுனையோடு நான். இரண்டு பேர் காதிலும் கைபேசி.

"தூக்கும். இன்னும் தூக்கும். ஆ, கொஞ்சம் பதியும். அசையாதையும்!"

நான் அசையவில்லை. அசைந்தவர்கள் இரண்டு போலீஸ்காரர்கள். அது லண்டனில் முதுகுப்பையோடு போகிறவனையெல்லாம் இரண்டு தடவை பார்த்துக்கொண்டிருந்த காலம். கறுப்பாக ஒருத்தன், கையில் ஒரு குழாய், அதற்குள் மஞ்சள் திரவம், காதில் போன், வாயில் புரியாத பாஷை. எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது.

"ஐயா, இது என்ன?"

"ட்யூப்."

"உள்ளே?"

"மஞ்சள்."

"மறுமுனையில் என்ன இருக்கிறது?"

நான் உண்மையைச் சொன்னேன். "எங்கள் அண்ணன்."

ஒருவர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டார். மற்றவர் ட்யூபைப் பிடித்தபடியே நடந்து மூலை திரும்பினார். கைபேசி காதில் இருந்ததால் நடந்த அத்தனையும் எனக்குக் கேட்டது. போலீஸ்காரர் மரியாதையாகத்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அண்ணை பதிலுக்கு ஆங்கிலத்தில், "நீங்கள் போலீஸ் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. போலீஸ்காரர் அட்டையைக் காட்டியிருக்க வேண்டும். பிறகு அண்ணையின் குரல்: "இதில் உங்களுக்குத் தாடி இருக்கிறது."

அடுத்து போலீஸ்காரர் பெயர் கேட்டார், விலாசம் கேட்டார், இந்த நாட்டில் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். அப்போது அண்ணையின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். அவர் மேல்முறையீட்டு விசாரணைக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. நான் ட்யூபை விடாமல் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஊதாத் தொப்பி ஒன்று திடலுக்குள் வந்தது. தொப்பி மிஸிஸ் ட்யூபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போலீஸைப் பார்த்தார். ஒரு நிமிஷத்தில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஆசிரியை அல்லவா? போலீஸிடம், "இவர்கள் என் ஆட்கள். கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு என்னிடம் குனிந்து ஆவலாகக் கேட்டார்: "எவ்வளவு வருகிறது?"

அப்போதுதான் நானே பார்த்தேன். மஞ்சள் தண்ணீர் என் இடுப்பு உயரத்தில் நின்றது. தகடு உண்மை என்றால், கால் நனையாமல் நின்றதாகச் சொன்ன ஜனம் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்க வேண்டும்.

"அடக் கடவுளே," என்றார் தொப்பி மிஸிஸ். "பதினொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!"

போலீஸ்காரர்களில் ஒருவர் ட்யூபை முகர்ந்து பார்த்தார், நிறுத்தி விசாரித்ததற்கான சீட்டு ஒன்றை அண்ணை பேரில் எழுதிக் கொடுத்தார், இருவரும் போய்விட்டார்கள். அடுத்த வாரமே தொப்பி மிஸிஸ் மதுக்கடையில் விசாரித்துவிட்டு வந்தார். எப்போதோ சுவருக்கு வெள்ளை அடித்தபோது தகட்டைக் கழற்றியிருக்கிறார்கள். பழைய இடத்தில் மாட்டினால் சாப்பாட்டு விலைப்பலகையை மறைக்கிறது என்று மேலே தூக்கி அடித்துவிட்டார்களாம்!

ஊரே சிரித்தது. வீட்டில் நான் சிரிக்கவில்லை. போலீஸ் சீட்டு விஷயம் தெரிந்து அண்ணையின் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அதைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம் என்றார். அண்ணை கேட்பாரா? "நடந்தது நடந்ததுதான். மறைக்கேலாது" என்று சொல்லி, சீட்டைத் தானே கோப்பில் வைத்துவிட்டார். அவரோடு போய் நின்றதே என் தப்பு என்று எனக்கு இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை.

கடைசியில் நானே தொப்பி மிஸிஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஊர், வரைபடம், ஒரு நாள் தள்ளிப்போன தேதி, வவுனியாவில் இருக்கும் அண்ணி, எல்லாம். இவர் உண்மை பேசுகிறவர் என்று யாராவது ஒரு கடிதம் கொடுத்தால் நல்லது என்றேன். அந்தம்மா அன்று மாலையே ஒன்றரைப் பக்கம் டைப் செய்து கொண்டுவந்து கொடுத்தார். படிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது. அண்ணையிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இதில பிழை இருக்கு."

"என்னண்ணே பிழை?"

"ரெண்டு வருசமா ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தவர் எண்டு எழுதியிருக்கிறா. ரெண்டு ஞாயிறு நான் போகேல்லை. ஒண்டுக்கு ஷிப்ட். மற்றதுக்குக் காய்ச்சல்."

"அண்ணே! யாருண்ணே இதைப் போய் எண்ணப் போறா?"

"நான் எண்ணியிருக்கிறன்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கப்பை மேசையில் ணங்கென்று வைத்தேன். "இது உங்க கேஸுண்ணே! அண்ணி அங்க வருஷக்கணக்கா உக்காந்திருக்காங்க. இப்பப் போய் ரெண்டு ஞாயித்துக்கிழமைக்குக் கணக்குப் பாக்கறீங்களே?"

அவர் கோபப்படவில்லை. கடிதத்தை ஒழுங்காக மடித்து என்னிடம் நீட்டினார். "அதுக்காகத்தான் சொல்லுறன். ஒரு நாள் பிழைச்சதாலதானே ஐசே எனக்கு எல்லாம் பொய் எண்டு வந்தது. அந்த மனுசி எனக்காண்டிப் பொய் சொன்ன ஆளா நிக்கக் கூடாது. மாத்திக் கொண்டு வாரும்."

நான் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். தொப்பி மிஸிஸ் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இரண்டு ஞாயிறு தவிர" என்று பேனாவால் எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "நானே வந்து சொல்கிறேன்" என்றும் சொன்னார்.

விசாரணை அறை பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான். நான் பின்வரிசையில். அண்ணை இரவல் கோட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பயந்தபடியே அரசாங்கத் தரப்பில் பேசியவர் முதலில் போலீஸ் சீட்டைத்தான் எடுத்தார். பொது இடத்தில், மஞ்சள் திரவம் நிறைந்த குழாயோடு, இவர் என்ன செய்துகொண்டிருந்தார்? பிறகு அந்தப் பழைய வரைபடம். அதில் இல்லாத ஊரை இவர் எப்படி அளந்தார்?

தொப்பி மிஸிஸ் எழுந்தார். அன்றைக்கும் அதே தொப்பி. வெள்ளக்கோட்டுக் கதையை ஒன்று விடாமல் சொன்னார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"பித்தளையில் பொறித்திருந்ததை நான் பதினொரு வருஷம் நம்பினேன்," என்று முடித்தார் அந்தம்மா. "பித்தளை தவறு. இவர் சரி. வரைபடம் எனக்குத் தெரியாது. ஆனால் இவரையும் ஒரு வரைபடத்தையும் வைத்து ஒன்றை நம்பு என்றால், நான் இவரைத்தான் நம்புவேன்."

அரசாங்கத் தரப்புக்காரர் கடிதத்தைத் தூக்கினார். இந்தத் திருத்தம் என்ன, யார் சொல்லி எழுதியது என்று கேட்டார்.

"இவர் சொல்லித்தான். ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தார் என்று எழுதியிருந்தேன். இரண்டு நாள் வரவில்லை, மாற்று என்று திருப்பி அனுப்பிவிட்டார்."

நீதிபதி பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். நிறைய எழுதினார். அண்ணை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்குவது பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஜெயித்துவிட்டார். நான் சமையலறையில் குதித்தேன். அவர் கடிதத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கையெழுத்தைப் பழைய கடிதத்தின் கையெழுத்தோடு ஒப்பிட்டார். வக்கீல் அலுவலகத்துக்கு வீட்டுப் போனில் கேட்டார், பிறகு பெட்ரோல் ஷெட் போனிலிருந்து குரலை மாற்றிக் கேட்டார். மூன்றாம் நாள்தான் வவுனியாவுக்குப் போன் போட்டார். "ஓம்... ஓம்... உண்மைதான்... நான் விசாரிச்சிட்டன்" என்பது மட்டும் என் அறைக்குக் கேட்டது.

அடுத்த வசந்தத்தில் அண்ணி வந்தார். சேலைக்கு மேல் அண்ணையின் கோட், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நடை தொடங்குவதற்கு முன்பே அண்ணை அவரை ஊர் காட்டக் கூட்டிப் போனார். குடை பிடிக்க நானும் போனேன். மதுக்கடைச் சுவரில் தகடு கீழே இறங்கியிருந்தது. விலைப்பலகை மேலே ஏறியிருந்தது. அதைக் காட்டினார். விழுந்து கிடக்கும் டெலிபோன் கூண்டுகளைக் காட்டி, "உது கலை" என்று சர்வசாதாரணமாகச் சொன்னார்.

கடைசியாக அந்தக் கல்லுக்கு வந்தோம். அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, உதென்ன கல்லு?"

"இதுவோ? இந்தக் கல்லிலதான் ஏழு ராசாக்கள் இருந்து முடி சூடினவை."

"ஏழு பேரோ! உண்மையோ?"

"பின்ன? ஏழு பேரும் இதிலதான். தங்க முடி. ஆத்தில படகில வந்து இறங்கி, இஞ்சயிருந்து அந்தச் சேர்ச் வரைக்கும் பட்டு விரிச்சு..."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு வருஷம் அந்த வயதான அம்மாவை என்ன பாடு படுத்தினார் இந்த மனுஷன்! மெதுவாக அவர் பக்கம் சாய்ந்து கேட்டேன்.

"அண்ணே, அத்தாட்சி இருக்கா?"

என்னை எரித்துவிடுவது போல ஒரு பார்வை பார்த்தார்.

"சும்மா இரும் ஐசே. எட்டு வருசம் கழிச்சு வந்திருக்கிறா."

நான் சும்மா இருந்தேன். அண்ணி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார், அண்ணை அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மன்னர்களும் அந்தக் கல்லில்தான் உட்கார்ந்தார்கள் என்பதை அன்றிலிருந்து நானும் நம்புகிறேன். அத்தாட்சி அண்ணையே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன.